கலைந்து போ என்றால் போக வழி வேண்டும்

(வட்டப் பொதுக்குழுக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது. கிளைச் சங்கங்கள் கேட்டுக் கொண்டதால் அச்சிட்டுத் தரப்படுகிறது. படித்து முடித்ததும் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் கொடுங்கள்.)



வருகிற திங்கட்கிழமை வட்டாட்சியர் அலுவலகம் முன்னால் நாம் உட்காரப் போகிறோம். உயர்மின் கோபுரத்துக்குக் காடு போனவர்களுக்கு வர வேண்டிய இழப்பீடு பற்றி நமக்கு முன்னால் பேசியவர்கள் விவரமாகச் சொல்லிவிட்டார்கள். அதையே திரும்பச் சொல்லி நேரத்தை ஓட்ட வேண்டாம்.

நாம் பேச வந்தது வேறு. கிளைக் கூட்டம் போட்ட ஊரிலெல்லாம் இழப்பீடு எவ்வளவு வரும் என்று கேட்டவர்களை விட, "ஏனுங்க, போலீஸ் அடிக்குமா?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். காவல் நிலையத்தில் இருந்து 'முப்பது இரண்டு அமலில் இருக்கிறது, அனுமதி கிடையாது' என்று ஒரு கடிதம் வந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு அப்புறம் இந்தக் கேள்வி இன்னும் கூடிவிட்டது. கேட்பதில் தப்பில்லை. வயசானவர்கள் வருகிறார்கள், பொம்பளைகள் வருகிறார்கள், கேட்கத்தான் வேண்டும்.

பயத்தை விட நமக்குக் கவலை தந்தது ஒரு ஊரில் கிடைத்த பதில். ஒரு பெரியவர் சொன்னார்: "கூட்டம் கூடினா அடிக்கத்தானப்பா செய்வான். அவன் வேலை அது." மழை பெய்தால் நனைவோம் என்கிற மாதிரி சொன்னார். சுற்றி இருந்தவர்களும் தலையை ஆட்டினார்கள். அய்யா, மழை தானாகப் பெய்கிறது. தடியடி தானாக நடப்பதில்லை. ஒரு அதிகாரி முடிவு செய்கிறார், ஒரு வாய் உத்தரவு போடுகிறது, அப்புறம்தான் கை ஓங்குகிறது. முடிவு என்று ஒன்று இருந்தால் அது நியாயமா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடுகிற உரிமை அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவில் இருக்கிறது. அது போலீஸ் கொடுக்கிற சலுகை இல்லை. பொது ஒழுங்குக்காக நியாயமான கட்டுப்பாடு வைக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கட்டுப்பாட்டில் ஒன்றுதான் இந்த முப்பது இரண்டு. 1861-ம் வருஷத்துக் காவல் சட்டத்தின் 30-வது பிரிவு, இரண்டாவது உட்பிரிவு. 1857 சிப்பாய்க் கலகத்தில் ஆட்டம் கண்டு போன வெள்ளைக்காரன் நாலு வருஷம் கழித்து எழுதிய சட்டம். வெள்ளைக்காரன் போய்விட்டான், சட்டம் நம்ம ஊர் காவல் நிலையத்துச் சுவரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில்கூட, கூட்டமோ ஊர்வலமோ நடத்துகிறவன் அனுமதி வாங்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. அனுமதி வாங்காதவனைக் கண்ட இடத்தில் அடி என்று ஒரு எழுத்து கிடையாது. அனுமதி இல்லையா, வழக்குப் போடு, கைது செய், கோர்ட்டில் நிறுத்து. நாம் வந்து பதில் சொல்லிக் கொள்கிறோம்.

அடிக்கிற அதிகாரம் வேறு பிரிவில் இருக்கிறது. முன்னால் குற்ற விசாரணை முறைச் சட்டம் 129-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்று புதுப் பெயர், பிரிவு எண் 148. பெயர்தான் வாயில் நுழைய மாட்டேன் என்கிறது, உள்ளே சரக்கு பெரும்பாலும் பழையதுதான். நிர்வாக நடுவரோ, காவல் நிலைய அதிகாரியோ, அவர் இல்லாதபோது சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத ஒருவரோ, சட்டவிரோதக் கூட்டத்தை, அல்லது பொது அமைதி கெடும் என்று தோன்றுகிற ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் கொண்ட கூட்டத்தை, கலைந்து போகச் சொல்லலாம். சொல்லியும் போகாவிட்டால், அல்லது போகவே மாட்டோம் என்று நடந்து காட்டினால், பலத்தைப் பயன்படுத்திக் கலைக்கலாம். இதுதான் அந்தப் பிரிவு. இதைப் பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம் 1979-ல் ஒரு வழக்கில் தெளிவாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறது: வன்முறை நோக்கத்தோடு கூடிய சட்டவிரோதக் கூட்டமாகவோ, பொது அமைதியைக் கெடுக்கக் கூடிய ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் கூட்டமாகவோ இருக்க வேண்டும், கலையச் சொல்லி உத்தரவு வந்திருக்க வேண்டும், உத்தரவுக்குப் பின்னும் கூட்டம் கலையாமல் இருந்திருக்க வேண்டும்.

இதில் நம் ஆட்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. நிர்வாக நடுவர் என்றால் யார்? யாரோ மேலே கோர்ட்டில் இருக்கிறவர் இல்லை. நாம் பட்டா மாறுதலுக்கும் சிட்டா அடங்கலுக்கும் போய் நிற்கிறோமே, அந்த வட்டாட்சியர்தான். திங்கட்கிழமை நாம் யாரிடம் மனு கொடுக்கப் போகிறோமோ, அவர் கையில்தான் நம்மைக் கலைக்கச் சொல்லும் அதிகாரமும் இருக்கிறது. மனுவை வாங்குவதா, மைக்கை வாங்குவதா என்பது அவர் எடுக்கிற முடிவு. ஆகவே நாளைக்கு ஏதாவது நடந்தால், "எனக்கும் போலீசுக்கும் சம்பந்தம் இல்லை" என்று அவர் சொல்ல முடியாது.

தூத்துக்குடியில் என்ன நடந்தது? 2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். 144 போட்டிருந்தார்கள். ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஜனங்கள் போகிறார்கள் என்பது முன்கூட்டியே ஊருக்கே தெரியும். அன்றைக்கு ஆட்சியர் எங்கே இருந்தார்? கோவில்பட்டியில் ஜமாபந்தியில் இருந்தார். சுட உத்தரவு கொடுத்ததாக முதல் தகவல் அறிக்கையில் இருந்தது துணை வட்டாட்சியர் நிலையில் உள்ளவர்களின் பெயர். 13 பேர் செத்துப் போனார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரித்துக் கொடுத்த அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. சுடுவதற்கான அவசியம் இருக்கவில்லை, ஓடிக் கொண்டிருந்தவர்களை மறைவில் இருந்து சுட்டிருக்கிறார்கள் என்று அந்த அறிக்கை சொன்னது. 17 போலீசார் மீதும், அப்போதைய ஆட்சியர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

ஓடுகிறவனைச் சுட்டது என்ற அந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எதற்காகச் சுடுகிறார்கள்? கூட்டம் கலைவதற்காக. ஓடுகிறவன் கலைந்து போகிறவன்தானே? அவன் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து கொண்டிருக்கிறான். அவன் முதுகில் குண்டு பாய்ந்தால் அது கூட்டத்தைக் கலைப்பது ஆகாது, தண்டிப்பது ஆகும். தண்டிக்கிற அதிகாரம் போலீசுக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. உச்ச நீதிமன்றமும் 2016-ல் அனிதா தாக்கூர் வழக்கில் இதைத்தான் சொன்னது. ஆரம்பத்தில் கூட்டம் தப்பாக நடந்திருந்தாலும், அதைக் கட்டுக்குள் கொண்டு வந்த பிறகு அடிப்பது அத்துமீறல், அதற்கு அரசு இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பு.

இன்னொன்றும் பாருங்கள். நூறு நாள் கேட்டுக் கிடைக்காத ஆலை மூடும் உத்தரவு, சுட்ட ஆறாம் நாள், மே 28-ம் தேதி வந்தது. மே 21-ம் தேதி வந்திருக்க முடியாதா? 13 குடும்பம் இதைத்தான் கேட்கிறது. கோரிக்கையை விசாரித்துப் பார்க்கச் சோம்பல்பட்ட நிர்வாகம்தான் கடைசியில் லத்தியை நீட்டுகிறது. நம்ம அனுபவத்திலும் அப்படித்தான். மனுவுக்கு மூன்று மாசத்தில் ஒரு வரி பதில் வந்திருந்தால், திங்கட்கிழமை நாம் அவரவர் தோட்டத்தில் இருந்திருப்போம்.

இது நமக்குப் புதுசும் இல்லை. 1970 ஜூன் 19 பெருமாநல்லூர். அன்றைக்குக் கேட்டது என்ன? மின் கட்டணத்தில் யூனிட்டுக்கு ஒரு பைசா, இரண்டு பைசா கணக்கு. மூன்று விவசாயிகள் குண்டடிபட்டுச் செத்தார்கள். இன்றைக்கும் அங்கே நினைவுத் தூணுக்கு ஜூன் மாசம் மாலை போடுகிறோம். 1972-ல் நாராயணசாமி நாயுடு காலத்தில் கோவை நகரத்தை மாட்டு வண்டிகளால் நிறைத்தார்கள். அதே வருஷம் ஜூலை 5-ம் தேதி மறுபடி துப்பாக்கிச் சூடு, மறுபடி சாவு. அந்த நாளைத்தான் உழவர் தினமாக அனுசரிக்கிறோம். ஒரு பைசா குறைக்கச் சொன்னபோது அரசாங்கமே கவிழ்ந்துவிடும் என்று சுட்டார்கள். அப்புறம் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரமே இலவசம் ஆனது. அரசாங்கம் கவிழவில்லை. நாம் இன்றைக்கு மோட்டார் போடும்போது, பில் கட்டியது யார் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கலாம்.

அந்தக் காலத்துப் பெரியவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், கூட்டம் கூடினால் அடிக்கத்தானே செய்வான் என்று சொல்லிப் பாருங்கள்.

இப்போது எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் பேசிவிட வேண்டும். ஒருதலையாகப் பேசினால் நம் வீட்டுப் பையன்களே நம்ப மாட்டார்கள். நம்ம ஊரிலேயே காவலர் வேலைக்குப் போன பையன்கள் இருக்கிறார்கள். விடியற்காலையில் பந்தோபஸ்துக்குக் கொண்டு வந்து இறக்கிவிட்டால் ராத்திரி வரைக்கும் நிற்கிறான். குடிக்கத் தண்ணீர் கிடையாது, பெண் காவலர்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. கல் வந்து விழுந்தால் அவன் மண்டையும்தான் உடைகிறது. 2021 ஜனவரி 26-ம் தேதி டெல்லி செங்கோட்டையில் கூட்டத்துக்குத் தப்பிக்கக் காவலர்கள் அகழிக்குள் குதித்ததை டி.வி.யில் பார்த்தோம். அந்த நாள் விவசாயிகள் இயக்கத்துக்கு நல்ல நாள் இல்லை. இரண்டு மாசம் குளிரில் உட்கார்ந்து சேர்த்த நல்ல பெயர் ஒரு மத்தியானத்தில் கரைந்து போகப் பார்த்தது. டெல்லி எல்லையில் இருந்தவர்கள் மறுபடியும் ஒழுங்காக உட்கார்ந்து, தண்ணீர் பீரங்கியையும் சாலையில் பதித்த ஆணியையும் பொறுத்துக் கொண்டதால்தான், 2021 நவம்பரில் மூன்று சட்டமும் வாபஸ் ஆனது.

போலீஸ் பலத்தைப் பயன்படுத்துவது எப்போதுமே தப்பா என்றால், இல்லை. நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். ஒரு கும்பல் அரிவாளோடு ஒரு தெருவுக்குள் நுழைகிறது, குடிசைக்குத் தீ வைக்கப் போகிறது என்றால், அங்கே போலீஸ் கையைக் கட்டிக் கொண்டு நின்றால் அதுதான் குற்றம். நம் மாவட்டங்களில் சாதிச் சண்டை வந்தபோது, நேரத்தில் தடியை எடுக்காததால் எரிந்த வீடுகள் உண்டு. யாருடைய வீடுகள் எரிந்தன என்பது நமக்கே தெரியும். பஸ்ஸுக்குள் ஆட்கள் இருக்கும்போது பெட்ரோல் ஊற்றுகிறவனைத் தடுக்க அடித்தாலும் சரிதான். இந்த நிமிஷம், இந்த இடத்தில், ஒரு உயிருக்கு ஆபத்து, அதைத் தடுக்க வேறு வழி இல்லை என்றால், தடுக்கும் அளவுக்குப் பலம் நியாயம். 1990-ல் ஹவானாவில் ஐக்கிய நாடுகள் மாநாடு ஏற்றுக் கொண்ட கோட்பாடுகளும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கின்றன: முதலில் பலம் இல்லாத வழி, முடியாவிட்டால் குறைந்த பலம், துப்பாக்கி உயிரைக் காக்க மட்டும்.

போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்பது உயிருக்கு ஆபத்து ஆகாது. அமைச்சர் கார் போக வேண்டும் என்பதும் ஆகாது. மனு கொடுக்க வந்தவர்கள் சத்தமாகக் கோஷம் போட்டார்கள் என்பது நிச்சயமாக ஆகாது.

சரி, கலைக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள், அதிலாவது ஒரு முறை வேண்டாமா? கலைந்து போ என்று சொன்னால் போக ஒரு வழி வேண்டும். பட்டியில் இருந்து ஆட்டை ஓட்டுகிறவனுக்குக்கூடத் தெரியும், படலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் பின்னால் இருந்து குச்சியை ஆட்டுவான். படலைச் சாத்தி வைத்துக் கொண்டு அடித்தால் ஆடு ஒன்றின் மேல் ஒன்று ஏறித்தான் சாகும். 1919 ஏப்ரல் 13 ஜாலியன்வாலாபாக்கில் டயர் செய்தது அதைத்தான். சுற்றிலும் சுவர், குறுகலான வாசல், அந்த வாசல் பக்கமே சிப்பாய்களை நிறுத்தி 1,650 குண்டு சுட்டான். அரசுக் கணக்குப்படியே 379 பேர் செத்தார்கள். வெள்ளைக்காரன் கதை என்று விட்டுவிடாதீர்கள். 1999 ஜூலை 23 திருநெல்வேலி. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளுக்காக ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம். தடியடி. ஒரு பக்கம் போலீஸ், இன்னொரு பக்கம் தாமிரபரணி. ஜனங்கள் ஆற்றுக்குள் இறங்கினார்கள். 17 பேர் செத்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தை. ஆற்றைத் தவிர ஓட வேறு இடம் இல்லாத இடத்தில் தடியடி நடத்துகிறவர் எதைக் கலைக்கப் பார்க்கிறார்?

2011 ஜூன் 4-ம் தேதி நள்ளிரவில் டெல்லி ராம்லீலா மைதானம். பந்தலுக்குள் ஜனங்கள் தூங்கிக் கொண்டிருக்கிறார்கள். கண்ணீர்ப் புகை, தடியடி. அரியானாவில் இருந்து வந்த ஒரு பெண் முதுகெலும்பு அடிபட்டு மூன்று மாசத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப் போனார். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து 2012 பிப்ரவரி 23-ல் தீர்ப்புச் சொன்னது. தூங்குகிறவனுக்கும் அடிப்படை உரிமை உண்டு, தூங்குகிற கூட்டத்தால் அமைதி கெடாது என்றது. செத்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு 50 ஆயிரம் என்று இழப்பீடு போட்டது. அதே தீர்ப்பு, கூட்டம் நடத்தியவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்று இழப்பீட்டில் கால் பங்கை அவர்கள் தலையில் வைத்தது. நடத்துகிறவர்கள் ஜனங்களை ஒழுங்காக வெளியேற்ற உதவவில்லை என்பதுதான் காரணம். சங்க நிர்வாகிகள் இந்தக் கால் பங்கை மறக்கக் கூடாது. நாம் கூட்டிக் கொண்டு வருகிறோம் என்றால், பத்திரமாகத் திருப்பிக் கூட்டிக் கொண்டு போகிற வேலையும் நம்முடையது.

கூட்டத்துக்குப் போலீஸ் தேவையே இல்லை என்றும் நாங்கள் சொல்லவில்லை. 2025 செப்டம்பர் 27-ம் தேதி கரூரில் ஒரு அரசியல் கூட்டத்தில் நெரிசலில் 41 பேர் செத்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. அங்கே துப்பாக்கி வெடிக்கவில்லை. கூட்டம் என்றால் வழி வேண்டும், தண்ணீர் வேண்டும், ஆம்புலன்ஸ் போக இடைவெளி வேண்டும். பந்தோபஸ்து என்பதற்கு முதல் அர்த்தம் அதுதான். லத்தி கடைசியில் வருவது.

அடி வாங்கிய பிறகு என்ன நடக்கிறது? 1998 ஜனவரி 12 மத்தியப் பிரதேசம் முல்தாய். பயிர் அழிந்ததற்கு நிவாரணம் கேட்டுத் தாலுகா ஆபீஸ் முன்னால் கூடிய விவசாயிகள் மீது துப்பாக்கிச் சூடு, 24 பேர் சாவு. சுட்டவர்களில் ஒருவர்கூட ஜெயிலுக்குப் போகவில்லை. அந்தக் கலவரத்தில் ஒரு தீயணைப்பு ஊழியர் இறந்ததற்காக, போராட்டத்தை நடத்திய தலைவருக்கு 2012-ல் கீழ்க்கோர்ட்டில் ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த ஊழியரின் சாவும் சாவுதான், அதை லேசாகப் பேச மாட்டோம். ஆனால் 24 உயிருக்கு யார் பதில்? அதே மாநிலத்தில் 2017 ஜூன் 6-ம் தேதி மந்த்சௌர். விளைபொருளுக்கு விலை கேட்டுப் போராடியவர்கள் மீது சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். குடும்பத்துக்கு முதலில் 5 லட்சம் என்றார்கள், அப்புறம் 10 லட்சம் என்றார்கள், அப்புறம் ஒரு கோடி என்றார்கள். விளைபொருளுக்கு ஏறாத விலை பிணத்துக்கு ஒரே நாளில் ஏறியது. விசாரணை ஆணையமோ, சுட்டது அவசியம்தான் என்று எழுதியது. 2024 பிப்ரவரி 21-ம் தேதி பஞ்சாப்-அரியானா எல்லையில் கனௌரியில் ஒரு இளம் விவசாயி செத்துப் போனார். அந்த வாரம் ஷம்பு எல்லையில் ட்ரோனில் இருந்து கண்ணீர்ப் புகைக் குண்டு போட்டார்கள். நம் காட்டுக்கு மருந்தடிக்க ட்ரோன் மானியம் தருகிறோம் என்று சொன்ன காலமும் இதுதான்.

காரணம், அதே சட்டத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. பழைய 132, புது 151-வது பிரிவு. கூட்டத்தைக் கலைக்கிறேன் என்று செய்த காரியத்துக்காக ஒரு அதிகாரி மேல் வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும். அடிக்கச் சொன்னவரே அனுமதி தர வேண்டும் என்றால் எப்போது கிடைக்கும்? லத்தியைக் கையில் பிடித்த பையனை விட இந்த 151-வது பிரிவுதான் நமக்கு எதிரி. ஆட்சி எது வந்தாலும் இந்தப் பிரிவு பத்திரமாக இருக்கிறது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது "காட்டுமிராண்டித் தாக்குதல்" என்பவர்கள், நாற்காலிக்கு வந்ததும் "குறைந்தபட்ச பலம்" என்கிறார்கள். அதே லத்தி, அதே காயம். 2023-ல் செய்யாறு மேல்மாவில் நிலம் தர மாட்டோம் என்றவர்களில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் போட்டார்களே, எந்தச் சண்டியன் ஏர் பிடித்து உழுது பார்த்திருக்கிறீர்கள்? ஊர் முழுக்கக் கேட்ட பிறகு வாபஸ் வாங்கினார்கள்.

வழியே இல்லையா என்றால் இருக்கிறது, மெதுவாகத்தான் வரும். வாச்சாத்தியில் 1992 ஜூனில் நடந்த கொடுமைக்கு 2011-ல் தர்மபுரி கோர்ட்டில் உயிரோடு இருந்த 215 பேருக்கும் தண்டனை வந்தது. வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறை மூன்றும் அதில் உண்டு. 2023-ல் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. அந்த மலைக் கிராமத்து ஜனங்கள் நம்மை விட ஏழைகள், நம்மை விடப் படிப்பு குறைந்தவர்கள். பத்தொன்பது வருஷம் சாட்சி மாறாமல் நின்றார்கள். நம்மில் பலர் மூன்றாவது வாய்தாவுக்கே கரும்பு வெட்டு இருக்கிறது என்று போகாமல் இருந்துவிடுகிறோம்.

ஆகவே சாட்சி முக்கியம். போன முறை மறியலில் நம் அம்மா ஒருத்தருக்கு மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டபோது பயந்து கொண்டு வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டார். பதிவேட்டில் அப்படியே ஏறிவிட்டது. பதிவேட்டில் வழுக்கி விழுந்தவருக்கு எந்தக் கோர்ட்டிலும் நியாயம் கிடைக்காது. இந்த முறை அடிபட்டால், யாரால், எதனால், எந்த இடத்தில் என்று டாக்டரிடம் உள்ளது உள்ளபடி சொல்லி எழுதச் சொல்ல வேண்டும். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். அவர் கேட்கும்போது காயத்தைக் காட்டுங்கள், எல்லோரும் சும்மா நிற்கிறார்கள் என்று நாமும் சும்மா நிற்கக் கூடாது. சூரியன் மறைந்த பிறகு பெண்களைக் கைது செய்யக் கூடாது, தவிர்க்க முடியாது என்றால் பெண் அதிகாரியும் மாஜிஸ்திரேட் அனுமதியும் வேண்டும். கைது செய்கிறவர் சட்டையில் பெயர் தெரிய வேண்டும். பெயர் வில்லையைக் கழற்றி வைத்திருந்தால் அதையே படம் எடுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், வக்கீல் வைக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜனங்களை விரட்டியபோது, சீருடைக்காரர்களே வண்டிக்குத் தீ வைப்பது போன்ற காட்சி வெளியே வந்தது எப்படி? யாரோ ஒருவர் செல்போனில் எடுத்ததுதான்.

திங்கட்கிழமை ஏற்பாட்டைச் சொல்லி முடித்துக் கொள்கிறோம். அனுமதி மறுத்த கடிதத்துக்கு நம் வக்கீல் எழுத்தில் பதில் கொடுத்துவிட்டார், நகல் தலைவரிடம் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குச் சந்தைத் திடலில் கூடுகிறோம். ரோட்டில் உட்காருவதில்லை, அலுவலகத்து வேப்பமரத்தடியில்தான் உட்காருகிறோம். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து வாசலை யாரும் அடைக்கக் கூடாது. அந்த வழியில் பச்சைத் துண்டு போட்ட நம் ஆட்கள் பத்துப் பேர் நின்று கொண்டே இருப்பார்கள், கிளம்பச் சொன்னால் பொம்பளைகளும் பெரியவர்களும் முதலில் அந்தப் பக்கம். குச்சி, மண்வெட்டி, அரிவாள் எதுவும் வேண்டாம், கொடியைக்கூடக் கம்பில்லாமல் கையில் பிடியுங்கள். குடித்துவிட்டு வருகிறவரை நாமே வண்டி ஏற்றி அனுப்பிவிடுவோம், மச்சான் மாமன் என்று யாரும் சிபாரிசுக்கு வரக் கூடாது. முகம் தெரியாத ஆள் கல்லை எடுத்தால் உடனே சுற்றி உட்கார்ந்து கொள்ளுங்கள், படம் எடுங்கள், கை வைக்காதீர்கள். கலைந்து போகச் சொல்லி உத்தரவு வந்தால், யார் சொல்கிறார், என்ன பதவி என்று தலைவர் மைக்கில் கேட்பார், நேரத்தைக் குறித்துக் கொள்வோம். கைது என்றால் வரிசையாகப் போய் வண்டியில் ஏறுவோம்.

சர்க்கரை, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு நாளைக்கு உண்டானதைச் சட்டைப் பையில் வைத்துக் கொள்ளுங்கள். மாடு கறக்க வீட்டில் ஒரு ஆளை நிறுத்திவிட்டு வாருங்கள். வக்கீல் நம்பர் கிளைச் செயலாளர்களிடம் கொடுத்திருக்கிறோம், செல்போனை மட்டும் நம்பாமல் பேனாவில் உள்ளங்கையில் எழுதிக் கொள்ளுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு படி அரிசி ஞாயிற்றுக்கிழமை சாயந்திரத்துக்குள் சங்கக் கட்டிடத்துக்கு வந்துவிட வேண்டும்.